பிளாஸ்டிக் இழையில் லேசர் கிரேட்டிங்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

ஒளி இழைக்குள் ஒளிவிலகல் எண் மாறி மாறி வரும் பட்டைகளை லேசரால் எழுதினால், அவை ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், திரையில் அது ஓர் உச்சமாகத் தெரியும். இதுதான் பிராக் கிரேட்டிங்; உச்சம் நகர்வதை வைத்து நீட்சி, வெப்பம், ஈரம் எல்லாம் அளக்கலாம். கண்ணாடி இழையில் இதை எழுதிப் பழகியவர்கள் பிளாஸ்டிக் இழைக்கு வந்ததும் முதலில் சந்தேகப்படுவது லேசரைத்தான். சக்தியைக் கூட்டுவார்கள், ஃபேஸ் மாஸ்க்கைக் (லேசர் ஒளியைப் பட்டைகளாக விழவைக்கும், பள்ளங்கள் போட்ட தகடு) கழற்றி மாட்டுவார்கள், லென்ஸை நகர்த்துவார்கள். அரை நாள் போய்விடும், திரையில் ஒன்றும் மாறியிருக்காது. கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்: இழையின் முனையில், அது உறிஞ்சி வைத்திருக்கும் ஈரத்தில், இழையாக இழுத்தபோது உள்ளே தங்கிப்போன அழுத்தத்தில். அதனால் இந்த வழிமுறையில் லேசருக்கு முதலிடம் கிடையாது.

எந்த அமைப்பை வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) இழை, ஒற்றை மோடு (ஒளி இழைக்குள் செல்லும் பாங்கு) அல்லது சில மோடுகள் மட்டும் செல்லும் ரகம். 325 நானோமீட்டர் ஹீலியம்–காட்மியம் லேசர், சிலிண்டர் லென்ஸ், ஃபேஸ் மாஸ்க். பார்க்கும் பக்கத்தில் அகன்ற பட்டை ஒளிமூலம், ஒரு கப்ளர் (ஒளியைப் பிரித்து அனுப்பும் இணைப்பி), ஒரு நிறமாலைப் பகுப்பாய்வி. எழுதும்போதே எதிரொளிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் இந்த மேசைக்கு அருகே யாரும் வரக் கூடாது.

கண்ணாடி இழை ஒளிபட்டு மாறும் என்பதை 1978இல் ஒட்டாவாவில் கென் ஹில் குழு கண்டது. பாலிமர் இழையில் முதல் கிரேட்டிங் வர 1999 ஆனது, சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில். இத்தனை தொல்லைக்கும் நடுவே பிளாஸ்டிக்கை ஏன் விடுவதில்லை என்றால், அதன் யங் குணகம் (விறைப்பின் அளவு) 3 கிகாபாஸ்கல் அளவுதான், கண்ணாடிக்கோ 70க்கு மேல். குறைந்த விசைக்கே நீளும், உடைந்தாலும் ஊசிபோல் குத்தாது, ஈரத்தையும் உணரும். இந்தக் குணங்கள்தான் கோளாறுகளுக்கும் காரணம்.

திரையில் உச்சமே இல்லை

முதலில் தாளில் ஒரு பெருக்கல் போடுங்கள். மாஸ்க்கில் உள்ள பள்ளங்களின் இடைவெளியை இழையின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் பிராக் அலைநீளம் வந்துவிடும். கண்ணாடி இழைக்காக வாங்கிய 1070 நானோமீட்டர் மாஸ்க் அங்கே 1548 அருகே உச்சம் தரும். பிஎம்எம்ஏவின் எண் சுமார் 1.48, ஆகவே அதே மாஸ்க் இங்கே 1584க்குப் போய்விடும். உங்கள் ஒளிமூலம் 1570இல் முடிந்துவிட்டால், கிரேட்டிங் நன்றாகவே எழுதப்பட்டிருந்தாலும் கண்ணில் படாது. 1550 பக்கம் வேண்டுமானால் 1047 அளவிலும், 850 பக்கம் வேண்டுமானால் 573 அளவிலும் மாஸ்க் தேவை.

அலைநீளம் சரியென்றால் அடுத்தது இழப்புக் கணக்கு. 1550இல் பிஎம்எம்ஏ ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டெசிபல் தின்னும். கண்ணாடி இழையோடு சேரும் இணைப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி கிரேட்டிங் எழுதினால், போகவர 20 டெசிபல் போய்விடும். நல்ல உச்சம்கூட இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அந்த அலைநீளத்தில் வேலை செய்தே ஆகவேண்டும் என்றால் கிரேட்டிங்கை இணைப்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வையுங்கள். இல்லையென்றால் 850க்கு மாறுங்கள், அங்கே இழப்பு மீட்டருக்குச் சில டெசிபல்தான். 1550க்குக் கருவிகள் எளிதாகக் கிடைக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காக எல்லோரும் அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

திரையில் தட்டையான கோடு வழக்கத்தைவிட உயரமாக இருக்கிறதா? அப்படியென்றால் இழையின் மறுமுனை கத்திக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக்–காற்று எல்லையில் 3.75 சதவீத ஒளி திரும்பிவிடும், அதாவது மைனஸ் 14 டெசிபல். இளம் கிரேட்டிங் ஒன்றின் எதிரொளிப்பு அதற்குக் கீழேதான் இருக்கும். மறுமுனையைச் சாய்வாக வெட்டுங்கள் அல்லது ஒரு சொட்டு இண்டெக்ஸ் ஜெல்லில் (இழையின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய எண் கொண்டது) முக்குங்கள். கோடு சடாரென்று இறங்கும், பல நேரம் அதன் நடுவே உச்சம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும்.

கோடு தாழ்வாக, இரைச்சலோடு கிடந்தால் இந்தப் பக்க முனையைப் பாருங்கள். கண்ணாடி இழையைப்போல் கீறி உடைக்க பிளாஸ்டிக் இடம் கொடுக்காது. அறை வெப்பத்தில் பிளேடால் அழுத்தினால் மேலே நசுங்கும், கீழே கிழியும். இழை, பிளேடு, அடித்தட்டு மூன்றையும் 70 முதல் 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, பிளேடை மெதுவாக ஒரே போக்கில் இறக்குங்கள். பிளேடின் ஒரே இடத்தை இரண்டாம் முறை பயன்படுத்தாதீர்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் சிறிது நகர்த்திக்கொள்ளுங்கள். சரியான வெப்பம் இழைக்கு இழை மாறும். ஒரே ரீலில்கூட அனீல் செய்த (மிதமாகச் சூடாக்கி உள் அழுத்தத்தை நீக்கிய) துண்டு வேறுமாதிரி வெட்டும்.

வெட்டிய முனையை நுண்ணோக்கியில் வைத்தால் கதை தெரிந்துவிடும். ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள் என்றால் பிளேடு பழசு. உள்ளகம் (ஒளி செல்லும் நடுப்பகுதி) ஒரு பக்கம் இழுபட்டு வால் விட்டிருந்தால் சூடு அதிகம். ஓரத்தில் துண்டு பெயர்ந்திருந்தால் சூடு போதவில்லை. துளைகள் உள்ள நுண்கட்டமைப்பு இழையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உள்ளகத்தைச் சுற்றிய முதல் வட்டத் துளைகள் திறந்தே இருக்கின்றனவா என்று. ஒரு துளை அடைபட்டாலும் ஒளி அந்தப் பக்கம் கசியும். இந்த ரக இழையை மெருகுத்தாளில் தேய்த்தால் தூளெல்லாம் துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அதற்கு வெட்டு மட்டுமே. துளையில்லாத இழையென்றால் ஈரத்தாளில் படிப்படியாக மெருகேற்றலாம்.

உச்சத்துக்குப் பதிலாக அலை அலையாக வருகிறது

சீரான ஏற்ற இறக்கம் நிறமாலை முழுவதும் தெரிந்தால் அது கிரேட்டிங் இல்லை, இரண்டு முகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒளி. எந்த இரண்டு முகங்கள் என்று கணக்கே சொல்லிவிடும். அலைநீளத்தின் வர்க்கத்தை, இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் அலைக்கும் அலைக்கும் இடையிலான தூரம் கிடைக்கும். 850இல் 7 நானோமீட்டருக்கு ஒன்றாக அலை வந்தால், 50 மைக்ரோமீட்டர் காற்று இடைவெளி எங்கோ இருக்கிறது. கண்ணாடி இழை முனைக்கும் பிளாஸ்டிக் முனைக்கும் நடுவேதான் அது இருக்கும். ஜெல் வைத்து நிரப்புங்கள்.

ஜெல் வைத்தும் போகவில்லை, ஒட்டுப்பசையால்தான் இணைத்திருக்கிறீர்கள் என்றால், பசை உறையும்போது சுருங்கி முனைகளைப் பிரித்திருக்கும். புற ஊதாப் பசையை ஒரேயடியாக உறையவைக்காமல், குறைந்த ஒளியில் முதலில் பிடிக்கவிட்டு, இணைப்பைத் தாண்டி வரும் ஒளியின் அளவைப் பார்த்துக்கொண்டே கூட்டிக்கொண்டு போகவும். பசை அளவு கூடினால் வலிமை கூடும் என்று நினைப்பது தப்பு, சுருக்கம்தான் கூடும்.

உச்சம் வளர ஆரம்பித்தது, பாதியில் நின்றுவிட்டது

இங்கேதான் லேசர் பக்கம் போகலாம். அப்போதும் சக்தியை அல்ல, முதலில் இழைக்கும் மாஸ்க்குக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

மாஸ்க்கிலிருந்து இரண்டு கற்றைகள் இரு பக்கமும் விரிந்து போகின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மட்டும்தான் கிரேட்டிங் எழுதப்படும். 573 நானோமீட்டர் மாஸ்க்கில் 325 ஒளி சுமார் 35 டிகிரிக்கு விரியும். கற்றை 1.2 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இழை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் மேற்பொருந்தும் நீளம் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். 0.9 மில்லிமீட்டர் தள்ளினால் ஒன்றுமே இல்லை. 1047 மாஸ்க்கில் விரிவு 18 டிகிரிதான் என்பதால் கொஞ்சம் தாராளம் உண்டு. 1550இல் நன்றாக எழுதிக்கொண்டிருந்தவர் அதே அமைப்பை 850க்கு மாற்றியதும் தடுமாறுவது இதனால்தான். சரி, ஒட்டியே வைத்துவிடலாமே என்றால், பிளாஸ்டிக் தூள் மாஸ்க்கின் பள்ளங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மாஸ்க் விலை தெரிந்தவர்கள் அந்த வேலை செய்யமாட்டார்கள். பக்கவாட்டு நுண்ணோக்கியை வைத்து, தொடாமல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை நெருங்குவதே வழி.

அடுத்தது அதிர்வு. எழுதும் பட்டைகளின் இடைவெளி மாஸ்க் இடைவெளியில் பாதி, 850க்கு 290 நானோமீட்டருக்கும் குறைவு. எழுத நிமிடக் கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் இழை மாஸ்க்கோடு ஒப்பிட்டால் நூறு நானோமீட்டர்கூட அசையக் கூடாது. இழையை ஒரு முனையில் மட்டும் பிடித்திருந்தால் ஏ.சி. காற்றே போதும் அதை ஆட்ட. இரண்டு முனையையும் பிடித்து, லேசான இழுப்பு கொடுத்து, மேசைக்கு மேல் ஓர் அட்டைப் பெட்டி மூடி வையுங்கள். உச்சம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் அதிர்வு அல்ல, இழை மெல்ல நழுவுகிறது. பிடிமானத்தில் இழை தளர்ந்திருக்கும், பிளாஸ்டிக் தொடர் இழுப்பில் நீண்டுகொண்டே போகும் பொருள்.

மூன்றாவது, மாஸ்க் எந்த அலைநீளத்துக்காகச் செய்யப்பட்டது என்பது. 248க்குச் செய்த மாஸ்க்கில் 325 ஒளியை விட்டால், நேராகப் போகும் பூஜ்ய வரிசை அடங்காது. பள்ளத்தின் ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் 15 முதல் 20 சதவீதம் ஒளி அதில் போகும். அது பட்டைகளின் தெளிவைக் கெடுக்கும், இழையைச் சும்மா சூடாக்கும். இதற்கு மருந்து சரியான மாஸ்க் மட்டும்தான்.

நுண்கட்டமைப்பு இழையில் நான்காவதாக ஒன்று: துளைகள் புற ஊதாக் கதிரைச் சிதறடிக்கும். இழையை அச்சில் சற்றுத் திருப்பினால் உள்ளகத்துக்குச் செல்லும் ஒளி கூடலாம், குறையலாம். ஒரே இழையில் ஒரு கிரேட்டிங் நன்றாகவும் அடுத்தது மோசமாகவும் வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் வளரவில்லை என்றால் குறை பொருளில் இருக்கிறது. தூய பிஎம்எம்ஏ 325 ஒளிக்கு மந்தமாகத்தான் மசியும். உள்ளகத்தில் பென்சைல் டைமெத்தில் கீட்டால் போன்ற ஒளியுணர் பொருள் சேர்த்த இழையென்றால் நிலைமை தலைகீழ். 248 நானோமீட்டர் கிரிப்டான் ஃப்ளோரைடு லேசரின் ஒரே ஒரு துடிப்பில் அத்தகைய இழையில் கிரேட்டிங் எழுதிக் காட்டியது 2017இல் வெளியானது. நானோ விநாடிகளில் முடியும் வேலைக்கு அதிர்வுத் தொல்லையே கிடையாது. புதிதாக ஆய்வகம் அமைப்பவர் என்னிடம் கேட்டால், மேசையில் போடும் பணத்தை இழையில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இழை கருகுகிறது, வளைகிறது

193 நானோமீட்டர் லேசரைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். பிஎம்எம்ஏ அந்த ஒளியை மேற்பரப்பிலேயே விழுங்கி அரிக்கப்பட்டுவிடும், உள்ளகம் வரை எதுவும் போகாது. 248இல் துடிப்பாற்றலைக் குறைத்து, விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற அளவில் விடுங்கள். 325இல் கருகல் தெரிந்தால் இழையின் மேல் தூசியோ கைரேகையோ இருந்திருக்கும். ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் ஒரே துடைப்பு போதும், ஊறவிடக் கூடாது. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், அது பிஎம்எம்ஏவைக் கரைத்துவிடும்.

ஒன்றுக்குப் பதில் பல உச்சங்கள்

இரண்டு காரணங்கள், பிரித்தறிய ஒரு சோதனை. இணைப்பில் கண்ணாடி இழையை ஓரிரு மைக்ரோமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். உச்சங்களின் உயர விகிதம் மாறினால் அவை வெவ்வேறு மோடுகள். விகிதம் மாறாமல் மொத்தமாக ஏறி இறங்கினால் இழையில் சீரற்ற அழுத்தம் இருக்கிறது, ஒரே கிரேட்டிங்கின் பகுதிகள் வெவ்வேறு அலைநீளத்தில் பேசுகின்றன.

மோடுகள் என்றால் ஒளியை உள்ளகத்தின் நடுவில் ஒற்றை மோடு இழையால் செலுத்துங்கள், இணைப்பை நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள், பெரிய உச்சம் ஒன்றை மட்டும் பின்தொடருங்கள். அழுத்தம் என்றால் பசைப்புள்ளி கிரேட்டிங்குக்கு மிக அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கிரேட்டிங்கின் மேலேயே பசை தடவி ஒட்டியிருந்தால் உச்சம் பிளவுபடாமல் இருந்தால்தான் அதிசயம்.

நேற்று ஓர் இடம், இன்று வேறு இடம்

இதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. நகர்வுக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. எவ்வளவு நேரத்தில், எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

லேசரை நிறுத்திய உடனே, சில விநாடிகளில், நீண்ட அலைநீளம் பக்கம் தாவினால் அது இழை ஆறுவது. எழுதும்போது சூட்டால் உச்சம் கீழே தள்ளப்பட்டிருந்தது, இப்போது இயல்புக்கு வருகிறது. கோளாறே இல்லை.

பிடிமானத்தைத் தளர்த்தியதும் குறைந்த அலைநீளம் பக்கம் பெரிதாக விழுந்தால், எழுதும்போது இழுப்பு அதிகம். 1550 பக்கம் ஒரு சதவீத நீட்சி சுமார் 14 நானோமீட்டர் நகர்வு. இழுப்பைக் குறையுங்கள், எவ்வளவு என்று எழுதியும் வையுங்கள்.

அரை மணி, ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஈரப்பதம். பிஎம்எம்ஏ தன் எடையில் இரண்டு சதவீதம் வரை நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் வீங்கும், ஒளிவிலகல் எண்ணும் கூடும். 1550இல் ஒரு சதவீத ஒப்பீரப்பதத்துக்கு 35 பிகோமீட்டர் அளவில் நகரும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில், இரவில் ஏ.சி.யை நிறுத்தும் ஆய்வகத்தில் ஈரப்பதம் 20 சதவீதம் மாறுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அது 0.7 நானோமீட்டர். நீட்சியை அளக்கும் திரிபுமானியாக வைத்திருந்தால், யாரும் தொடாமலேயே 500 மைக்ரோ திரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு நீட்சி) காட்டும். காலையில் ஒரு பூஜ்யம், மாலையில் ஒரு பூஜ்யம் என்று மாணவர் குறித்துக்கொண்டு வருவதன் மர்மம் இதுதான். பக்கத்தில் ஓர் ஈரப்பதமானியை வைத்து, அதன் அளவையும் உச்சத்தையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடும், ஆனால் உச்சம் சற்றுப் பின்தங்கி வரும். இழைக்குள் நீர் ஊடுருவ நேரமாகும் அல்லவா? விட்டம் இரட்டிப்பானால் அந்த நேரம் நான்கு மடங்காகும். தடித்த இழையை வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் அளவீட்டை முடித்தால் எண்கள் கிடைக்கும், அர்த்தம் கிடைக்காது.

நாள் கணக்கில், ஒரே பக்கமாக, குறைந்த அலைநீளத்தை நோக்கி ஊர்ந்தால், அல்லது முதல்முறை 60 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு இறக்கியதும் பழைய இடத்துக்கு வராமல் பல நானோமீட்டர் கீழே நின்றால், அது உறைந்த அழுத்தம் விடுபடுவது. இழையாக இழுத்தபோது மூலக்கூறு சங்கிலிகள் நீளவாக்கில் நீட்டப்பட்டு அப்படியே உறைந்தன. சூடு கிடைத்ததும் சுருங்குகின்றன, கிரேட்டிங்கின் பட்டைகளும் கூடவே நெருங்குகின்றன. மருந்து அனீலிங்: 80 டிகிரியில் சில மணி நேரம், இழை தளர்வாக, எதிலும் ஒட்டாமல். ஈரமான சூழலில் அதே வேலை இன்னும் வேகமாகவும் ஆழமாகவும் நடக்கும், நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளைத் தளர்த்திவிடுவதால். எழுதுவதற்கு முன்பே அனீல் செய்துவிட்டால் உச்சம் எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். வேண்டுமென்றே எழுதிய பிறகு செய்பவர்களும் உண்டு. ஒரே மாஸ்க்கால் ஓர் இழையில் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவுக்கு அனீல் செய்தால், பல அலைநீள உணரிகள் ஒரே இழையில் வரிசையாகக் கிடைத்துவிடும். செலவில்லாத தந்திரம்.

ஏற்றும்போது ஓர் அளவு, இறக்கும்போது வேறு அளவு

பிளாஸ்டிக் உடனே திரும்பாது. நீட்டி விட்டால் பெரும்பகுதி மீளும், மிச்சம் மெதுவாக வரும். அளவீட்டு வீச்சுக்குச் சற்று மேலே வரை சில முறை நீட்டிவிட்டு, பிறகு அளவுத்திருத்தம் செய்தால் வித்தியாசம் குறையும். இழையைச் சிறிது முன்னிழுப்பில் ஒட்டினால், தளர்ச்சிப் பகுதியே வராது. ஒரே வேகத்தில் ஏற்றி இறக்குவதும் அவசியம், வேகமே விடையை மாற்றும் பொருள் இது.

வெப்பநிலை அளவுத்திருத்தத்தில் இன்னொரு பொறி. சாதாரண அடுப்பில் சூடாக்கினால் உள்ளிருக்கும் ஒப்பீரப்பதம் விழும், இழை உலரும். சூடும் உலர்தலும் உச்சத்தை ஒரே பக்கம், கீழே, தள்ளும். இரண்டையும் சேர்த்து வெப்ப உணர்திறன் என்று எழுதிவிடுவார்கள். பிஎம்எம்ஏவுக்கு டிகிரிக்கு மைனஸ் 50 முதல் மைனஸ் 150 பிகோமீட்டர் வரை அத்தனை விதமான எண்கள் உலவுவதற்கு இது முக்கியக் காரணம், அனீலிங் வரலாறு இன்னொன்று. ஈரப்பதத்தையும் கட்டுப்படுத்தும் காலநிலைப் பெட்டி இல்லையென்றால் அந்த எண்ணை அறிக்கையில் போடாமல் இருப்பது மேல்.

எல்லாம் சரி, ஆனாலும் ஈரம் விடமாட்டேன் என்கிறது

உங்களுக்கு வேண்டியது திரிபு மட்டும், ஈரம் வேண்டாம் என்றால் பிஎம்எம்ஏவோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. டோபாஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக்கால் ஆன இழை நீரை 0.01 சதவீதம்கூட உறிஞ்சாது. அதில் எழுதிய கிரேட்டிங் ஈரப்பதத்தைக் கண்டுகொள்வதில்லை என்று டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2011இல் காட்டியது. சூடு அதிகமான இடம் என்றால் சியோனெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கைப் பாருங்கள், அதன் கண்ணாடி நிலை மாற்ற வெப்பம் (இளகத் தொடங்கும் அளவு) 138 டிகிரி, பிஎம்எம்ஏவுக்கு 105தான்.

தூரம் வேண்டும் என்றால் சைடாப். இந்த ஃப்ளோரின் பாலிமர் கடையில் கிடைக்கும், 1310 வரை ஒளி தாராளமாகப் போகும், ஆனால் பல மோடு இழை. இதில் ஃபெம்டோ விநாடி லேசரை நேராக உள்ளகத்தில் குவித்து, ஒவ்வொரு தளமாக எழுதுவதுதான் வழக்கம். சைப்ரஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2015 முதல் இதைச் செய்துவருகிறார்கள். மாஸ்க் தேவையில்லை. தளத்தை உள்ளகத்தின் நடுவில் ஒடுக்கமாக வைத்தால் மோடு கூட்டமும் அடங்கும். அங்கே வரும் கோளாறுகள் வேறு ரகம், முதலாவது குவியப்புள்ளி. உருளை வடிவ இழை தானே ஒரு லென்ஸாகிக் குவியத்தை இழுத்துவிடும். இழையை இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, ஏறத்தாழ அதே ஒளிவிலகல் எண் உள்ள எண்ணெயில் வைத்துவிட்டுத்தான் நகர்த்து மேசையை ஓட்ட வேண்டும். எண்ணெயில் ஒரு குமிழி இருந்தால் அந்த இடத்தில் தளங்கள் விடுபட்டுப்போகும், அதனால் ஓட்டுவதற்கு முன் இழை நெடுகிலும் ஒரு முறை கேமராவில் பார்த்துவிடுங்கள்.